அழுகைப் பாட்டுக்கு ஒரு முகம்

தெருவே அவரைப் பாட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. பகலில் ரப்பர் ஸ்டாம்பு கடை, சாயங்காலம் நாடகக் குழுவுக்குப் பாட்டு. மெட்டும் அவர்தான், வார்த்தையும் அவர்தான். முதலில் ஆர்மோனியத்தோடு 'தன்னா தன்னா' என்று பாடிக்கொள்வார். பிறகு தெரிந்தவர் யாராவது ஒருவரின் முகம் மனதில் வந்தால்தான் வார்த்தை வரும். இல்லாவிட்டால் மனுஷனுக்கு ஓர் எழுத்து ஓடாது.

போன நாடகத்தில், வீட்டைவிட்டு ஓடுகிறவனுக்கு ஒரு பாட்டு. தம்பியை நினைத்து எழுதினார். நாடகம் மேடையேறிய கையோடு தம்பி சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டான். தற்செயல் என்று யார் சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை.

இந்த முறை, மகளைப் பறிகொடுத்த தாய்க்குப் பாட்டு கேட்டார்கள். பாழாய்ப்போன மெட்டு, கேட்ட அன்றே வந்து விழுந்தது. கூடவே முகமும் வந்தது. துணிக்கடையில் வேலை பார்க்கும் அவருடைய ஒரே மகளின் முகம்! பக்கத்து வீட்டுக்காரி, பழைய டீச்சர், போஸ்டரில் பார்த்த நடிகை என்று யார் யாரையோ இழுத்து வந்து நிறுத்திப் பார்த்தார். ஊஹூம். கடைசி வரி 'மகளே, கண் திற' என்று வரவேண்டும். 'மகளே'வை எழுதப் போனபோது பேனா நின்றுவிட்டது. அந்த இடத்தை 'தன்னா' என்றே விட்டுவிட்டார். நாள்கணக்கில் பாடிப் பார்த்தும் பாட்டு அதைத் தாண்டவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் மகள் வழக்கமான பஸ்ஸில் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. போனும் அணைந்திருந்தது. பாட்டு எழுதிய தாளைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டார்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. நீ உள்ள போ."

கேட் திறந்தது. மகள்தான்.

"சரக்கு வந்துச்சுப்பா, அடுக்கிட்டுப் போன்னுட்டாங்க. போன்ல சார்ஜ் இல்ல."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். அவளோ முகம் கழுவிக்கொண்டே அந்த மெட்டை முணுமுணுத்தாள்.

"தினமும் சுவத்துக்கு அந்தப் பக்கம் 'தன்னா, கண் திற'ன்னே நிறுத்திடுறீங்க. கேட்டுக் கேட்டு நானே வார்த்தை போட்டுட்டேன்பா," என்றவள் பாடினாள்: "அப்பா, கண் திற."

மெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. எத்தனையோ நாளாக நெஞ்சை அடைத்திருந்த பயம் சட்டென்று விலகியது. இனி எது நடந்தாலும் மகளுக்கு இல்லை, தனக்குத்தான் நடக்கும்! மகளைப் பறிகொடுத்த தாயை அப்பாவைப் பறிகொடுத்த மகளாக மாற்றச் சொல்லி நாடகக்காரர்கள் காலில் விழுந்தாவது சம்மதிக்க வைத்துவிடலாம்.

"இதையே வச்சுக்கறேம்மா," என்று புதுத் தாள் எடுத்து எழுதினார். இந்த முறை பேனா நிற்கவில்லை.