மாமன் போடாத கறிமாலை

என் கொழுந்தன் காயெம்பாவை ஊரில் பாதிப் பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "கத்தினவன்" என்பார்கள். எங்கள் புகுசு சனத்தில் பையன் உடம்பெல்லாம் ஆற்றுச் சேற்றைப் பூசிக்கொண்டு, விடியும்போது அப்பன் வாசலில் வந்து நிற்க வேண்டும். ஊரே பார்க்கச் சுன்னத் நடக்கும். கண் இமைத்தாலே கேவலம். இவன் அன்றைக்கு வாயைத் திறந்து "ஐயோ அம்மா" என்றுவிட்டான். ஒரே ஒரு தரம்தான். அதற்கப்புறம் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, தலை நரைத்தும் அந்தப் பெயர் போகவில்லை.

பயந்தவன்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். கோழி அறுக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அறுப்பான். இடி இடித்தால் மாட்டுக் கொட்டகைக்கு ஓடுவான். மாடு பயப்படுமாம், அதற்குத் துணையாம்!

என் புருஷன் செத்தபோது, வழக்கப்படி தம்பி என்னைப் பெண்டாட்டியாக எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் அவனை என் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை.

"அண்ணி, உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா எனக்கும் வேணாம். விறகு மட்டும் ஒடச்சுத் தரேன்."

"இருக்கிற ஒருத்திக்கே நீ நடுங்குற. ரெண்டாவது எதுக்குடா உனக்கு? கோடாலி அங்க இருக்கு, போ" என்றேன்.

சிரித்துக்கொண்டே போய் விறகு உடைத்தான். இன்றுவரை உடைக்கிறான். வேறு எவன் என்னை எடுத்துக்கொண்டிருந்தாலும் எனக்கு ஒரு சுள்ளிகூடப் போட்டிருக்க மாட்டான்.

போன ஆகஸ்டில் அவன் தங்கை நெலிமாவின் மகன் சிமியுவுக்குச் சுன்னத் முறை வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் இது நடக்கும். அதற்கு முந்தின தடவை, மேட்டுத் தெருவில் ஒரு பையன் புண் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு செத்துப்போனான். கத்திக்காரக் கிழவரின் கையில் குற்றம் இல்லை, தேர்ந்த கை. ஆனால் ஒரே கத்தி. ஒரு வாசலில் அறுத்துவிட்டு, துணியில் துடைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்கு ஓடுவார். நெலிமா அந்தப் பையனின் சவத்தைப் பார்த்தவள். ஆஸ்பத்திரியில் செய்யலாம் என்று புருஷன் சிபுனாவின் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். அவன் மசியவில்லை. ஆஸ்பத்திரியில் அறுத்துக்கொண்டவனை ஆம்பிளைகள் கூட்டத்தில் பேசவே விட மாட்டார்கள் என்பது அவன் கவலை. அதுவும் பொய் இல்லை.

நெலிமா அண்ணனிடம் வந்து அழுதாள். காயெம்பா கேட்டுவிட்டு எழுந்தான். வெளியே போய்க் காளைக்குத் தண்ணீர் காட்டினான். 'இவனால் என்ன ஆகும்' என்று நினைத்து நான்தான் அவளைத் தேற்றி அனுப்பினேன்.

அறுப்புக்கு முந்தின நாள் மத்தியானம் சிமியு கைமணிகளைக் குலுக்கிக்கொண்டு ஆடியபடி மாமன் வாசலுக்கு வந்தான். பின்னால் பாட்டும் கூட்டமும் புழுதியும். தாய்மாமன் காளை அறுத்து, நெஞ்சுக்கறியை மாலையாகக் கழுத்தில் போட்டு, கன்னத்தில் ஒரு அறை விட்டு அனுப்ப வேண்டும். அந்தக் கறி கழுத்தில் விழாமல் எந்த அப்பனும் பிள்ளையைக் கத்திமுன் நிறுத்த முடியாது.

காளையை அறுத்தார்கள். காயெம்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். பிறகு கறிமாலையைக் கையில் வாங்கினான். பையன் கழுத்தை நீட்டினான். மாமன் போடவில்லை. கையெல்லாம் ரத்தம் சொட்ட அப்படியே நிற்கிறான்.

"என்ன மச்சான், தூக்க முடியலியா? நான் வேணா பிடிக்கட்டுமா?" என்றான் சிபுனா. கூட்டம் சிரித்தது.

"ஒரு வார்த்தை குடு மச்சான். அப்புறம் போடுறேன்."

"என்ன வார்த்தை?"

"அந்தக் கத்தி என் மருமவன் மேல படக்கூடாது. ஆஸ்பத்திரி நர்ஸ் மகோகா உன் வாசலுக்கு வரட்டும். புதுக் கத்தி, கையுறை. சேறு பூசட்டும், ஊர் பாக்கட்டும். எல்லாம் இருக்கட்டும். கத்தி மட்டும் புதுசு."

கூட்டத்தில் ஒரு கிழவர் துப்பினார். "கத்தினவன் ஆரம்பிச்சுட்டான்டா! மருமவனையும் உன் வழியில இழுக்குறியா?"

"ஆமா, நான் கத்தினேன்" என்றான் காயெம்பா. "கத்தினேன், இன்னும் உசுரோட இருக்கேன். மேட்டுத் தெருப் பையன் கத்தல. கல்லு மாதிரி நின்னான். எங்க அவன்? கூப்பிடுங்க பாப்போம்."



சிபுனாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "என் புள்ளய எல்லாரும் ஆஸ்பத்திரிக்காரன்னு சொல்லட்டுமா? உன்னை மாதிரி ஆயுசுக்கும் ஒரு பேரோட திரியட்டுமா?"

"அந்தப் பேர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் மச்சான். சுமக்கலாம். செத்தாத்தான் சுமக்க முடியாது."

எனக்குப் பொறுக்கவில்லை. "சிபுனா, மகோகா யாரு, வெள்ளக்காரனா? இதே ஆத்துச் சேத்தப் பூசிட்டு நின்னு அறுத்துக்கிட்டவன்தானே? நீ நின்ன அன்னைக்கேதான் அவனும் நின்னான். அன்னைக்கு நீ நிக்கிறப்ப கால் ஆடுச்சா இல்லையான்னு நான் இங்க சொல்லணுமா?"

"கிழவி, நீ சும்மா இரு!"

"அப்ப வார்த்தையக் குடு" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். மாமன் கையில் கறி கனத்தது. தோள் இறங்கிக்கொண்டே வந்தது, ஆனால் பையன் கழுத்தில் போடவில்லை. கடைசியில் சிபுனா சொன்னான்: "சரி, மகோகா வரட்டும். ஆனா மரத்துப்போற ஊசி கிடையாது. எம்புள்ள நின்னு காட்டணும்."

"அதை அவன்கிட்ட கேளு" என்றான் காயெம்பா.

"ஊசி வேணாம் மாமா. நிப்பேன்" என்றான் சிமியு. என்னைக் கேட்டிருந்தால் ஊசியும் போடு என்றுதான் சொல்லியிருப்பேன். வலியைத் தாங்கித்தான் ஆம்பிளை என்று காட்ட வேண்டுமென்றால் பிள்ளை பெற்ற நாங்கள் எல்லோரும் யார்? ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

கறி கழுத்தில் விழுந்தது. அறை விட வேண்டுமே! காயெம்பா கன்னத்தைத் தடவிக் கொடுத்த மாதிரி ஒன்று வைத்தான். கூட்டம் மறுபடி சிரித்தது. பையனும் சிரித்தான்.

மறுநாள் விடியலில் சிபுனா வீட்டில் நெலிமா, பெற்றவளுக்கு உள்ள வழக்கப்படி, உள்ளே நடுத்தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கதவு ஓரம் நின்று பார்த்தேன். என்னை யார் தடுப்பார்கள்? சேறு பூசிய சிமியு இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்தான். மகோகா உறையைக் கிழித்துப் புதுக் கத்தியை எடுத்து, தலைக்கு மேலே தூக்கி எல்லோருக்கும் காட்டினான். அப்புறம் குனிந்தான். பையன் அசையவில்லை. இமைகூட ஆடவில்லை. முடிந்தது என்று விசில் ஊதினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள்.

அதே நேரம் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். பார்த்தால் காயெம்பா மல்லாக்கக் கிடக்கிறான்.

"செத்துட்டானா?" என்று யாரோ கத்தினார்கள்.

"மயக்கம்டா! தண்ணி கொண்டா" என்றேன்.

ஓடி வந்து தலையைத் தூக்கியவன் சிபுனாதான். முகத்தில் தண்ணீர் அடித்து, தன் நாற்காலியில் உட்கார வைத்து, முதல் குவளைக் கம்புச் சாராயத்தை அவன் வாயில் வைத்தான்.

"மச்சான், உன் மருமவன் நின்னுட்டான். நீதான் விழுந்துட்ட."

காயெம்பா கண்ணைத் திறந்து ஒரு வாய் குடித்தான். "ரத்தம் நிக்குதான்னு மகோகாகிட்ட கேளு முதல்ல" என்றான்.

நின்றுவிட்டது. புண்ணும் சுத்தமாக ஆறிவிட்டது. பையன் இப்போது மாமனை விட உயரம்.

ஊர் இப்போது காயெம்பாவை "விழுந்தவன்" என்கிறது. கத்தினவன் என்பதை விட அது தேவலை என்கிறான் அவன். நேற்றுக்கூட விறகு கொண்டுவந்து போட்டுவிட்டு இதைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த தடவை அறுப்புக்குப் பையன் வைத்திருக்கும் வீடுகளில் இரண்டு பேர் மகோகாவிடம் ரகசியமாகப் பேசிவிட்டு வந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தர், அன்றைக்குத் துப்பிய அந்தக் கிழவர்.