ஒன்றரை அடிக் கண்ணாடி

புதன், காலை ஆறரை மணி. செங்கோட்டை ரயில் ராஜபாளையத்தில் என்னோடு சேர்த்து முப்பது நாற்பது பேரை இறக்கிவிட்டுப் போனது. மற்ற எல்லோரையும் கூட்டிப்போக யாராவது வந்திருந்தார்கள். எனக்கு ஆட்டோக்காரர் கிடைத்தார். பஞ்சு மார்க்கெட் வரை எண்பது ரூபாய் என்றார். மேற்கே மலையின் மேல்பாதியை மேகம் மறைத்திருந்தது.

"ஒத்தையிலயா வாரீக? வீட்டாளுக பின்னால வாராகளோ?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"ஒத்தையிலதான்" என்றேன். போகிற இடமெல்லாம் இதே கேள்விதான் எனக்காகக் காத்திருக்கிறது என்பது அப்போது தெரியாது.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். கடைகளுக்கு உள்ளமைப்பு வரைந்து கொடுப்பவள் நான். கடைக்குள் நுழைகிறவர் எந்தக் கைப்பக்கம் திரும்புவார், எங்கே நடையைக் குறைப்பார், எந்த உயரத்தில் வைத்தால் கை தானாக நீளும் என்று பார்த்து, அதற்கேற்றபடி அலமாரியும் விளக்கும் பாட்டும் வாசனையும் தீர்மானிப்பது என் வேலை. வேகமான பாட்டுப் போட்டால் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். மெதுவான பாட்டுக்கு நின்று பார்ப்பார்கள். சர்க்கரையைக் கடைசி மூலையில் வைத்தால், அதை எடுக்கப் போகிற வழியில் வேண்டாததெல்லாம் கூடையில் விழும். இதையெல்லாம் சொல்லித்தான் இருபத்து நான்கு வருடமாகச் சாப்பிடுகிறேன். வயது ஐம்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை, ஆதம்பாக்கத்தில் ஒரு படுக்கையறை வீடு. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வரும்.

போன வருடம் தென்காசி சாலையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஜமால் என்பவர் கடையைப் புதுப்பிக்க வரைபடம் கேட்டார். அளவுகளும் புகைப்படங்களும் அனுப்பினார். நான் சென்னையில் உட்கார்ந்தபடியே வரைந்து அனுப்பினேன். ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம். சோம்பேறித்தனம்தான், வேறு பெயர் வைக்க முடியாது. கடை பளபளவென்று ஆனது, வியாபாரம் படுத்துவிட்டது. போன வாரம் கூப்பிட்டார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் மரியாதையாகப் பேசியதுதான் சங்கடம்.

"ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க மேடம். செல்போன் ஷோரூம்காரர் கடைய வாடகைக்குக் கேக்காரு. வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சதும் பதில் சொல்லணும்."

விட்டுவிட்டால் அங்கே வேலை பார்க்கும் ஆறு பெண்களும் வேறு இடம் தேட வேண்டும். என் கோடுகளால் வந்த வினை. அதனால்தான் இந்தப் பயணம்.

காலை பத்து மணி. விடுதியில் தொள்ளாயிரம் ரூபாய் அறையில் குளித்துவிட்டுக் கடைக்குப் போனேன். நான் தாளில் போட்டது அப்படியே எழுந்து நின்றது. இரண்டரை அடி அகலத்தில் நடைபாதைகள். தோளுயரத்தில் வரிசை வரிசையாகத் தொங்கும் புடவைகள். தூணுக்குத் தூண் ஒன்றரை அடி அகலக் கண்ணாடி. மஞ்சள் விளக்கு, மெல்லிய புல்லாங்குழல், சந்தன வாசனை. விற்பனைப் பெண்கள் தள்ளி நிற்க வேண்டும், கூப்பிட்டால்தான் வரவேண்டும் என்றும் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். எனக்கே அந்தக் கடையை ரொம்பப் பிடித்துப்போனது.

மூத்த விற்பனைப் பெண் செல்வமணி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும், பட்டென்று பேசுகிறவள்.

"கூட்டத்துக்குக் கொறச்சல் இல்ல மேடம். வாராக, அழகா இருக்குங்காக, கண்ணாடியில வச்சுப் பாக்காக. 'பொறவு வாரேன்'னு சொல்லிட்டுப் போயிருதாக. பொறவு வாரதே இல்ல."

பகல் முழுக்க மூலையில் நின்று பார்த்தேன். அவள் சொன்னபடியேதான் நடந்தது. ஒரு பெண் மாம்பழ நிறப் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். முகம் மலர்ந்தது. திரும்பி யாரையோ தேடினாள். அவளோடு வந்த இருவர் வாசலில் கரும்புச்சாறு வண்டி அருகே நின்றுகொண்டிருந்தார்கள். புடவையைத் தொங்கவிட்டாள். "பொறவு வாரேன்" என்றாள். கண்ணெதிரே நடந்தும் எனக்கு உறைக்கவில்லை. படித்த புத்தி விளக்கைத்தான் முதலில் சந்தேகப்பட்டது. மஞ்சளை வெள்ளையாக மாற்றச் சொன்னேன், பாட்டை மாற்றச் சொன்னேன். மாலை ஐந்து மணிவரை "பொறவு வாரேன்" மட்டும் மாறவில்லை.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு கட இருக்கு மேடம்" என்றாள் செல்வமணி. "பாக்க ஒண்ணும் இருக்காது. ஆனா கூட்டம் கொறயாது. போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன்."

வியாழன், காலை ஒன்பது மணி. பழைய பேருந்து நிலையத்தில் நகரப் பேருந்து ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் இலவசச் சீட்டைக் கிழித்துக்கொண்டே, "எத்தன பேரு?" என்றார். ஒன்று என்று விரல் காட்டினேன். பன்னிரண்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். பஞ்சாலைச் சுவர்கள் முடிந்ததும் தென்னந்தோப்புகள், பிறகு தூரத்தில் கோபுரம். என் இருக்கையில் பக்கத்து இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட, தங்கள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து அங்கே உட்கார வரவில்லை.

செல்வமணி சொன்ன கடை தேரடிப் பக்கம் ஒரு தெருவில் இருந்தது. வாசலில் செருப்புக் குவியல். உள்ளே குழல்விளக்கு, இரண்டு மின்விசிறி, தரை முழுவதும் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. ஒரு பக்கச் சுவரில் ஆறடி அகலக் கண்ணாடி, ஓரமெல்லாம் ரசம் போயிருந்தது. பாட்டும் இல்லை, வாசனையும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றி உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்து போகமாட்டார் என்பதை அந்த நிமிடமே குறித்துக்கொண்டேன்.

விரிப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கடைக்காரர் புடவை எதையும் எடுக்கவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"உங்காளுக எல்லாம் எங்கம்மா?"

யாருமில்லை என்று சொல்லியிருக்கலாம். என்னவோ வாய் வரவில்லை. "வந்துக்கிட்டிருக்காங்க" என்று பொய் சொன்னேன்.

"அவிய வரட்டும், பொறவு விரிப்போம். ஒத்த ஆளுக்கு விரிச்சா ஒண்ணும் முடிவாகாது, அம்புட்டையும் மறுபடி விரிக்கணும்" என்றார்.

இதுதான் அங்கே வழக்கம். கூட்டம் கூடி உட்காராமல் ஒரு மடிப்பும் பிரியாது. நானும் வராதவர்களுக்காகக் காத்திருந்தேன். அரைமணி நேரம் ஆனது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன், யாரையோ விசாரிப்பது போல. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு நாடகம். சிரிப்பு வந்தது.

அப்போது வன்னியம்பட்டியிலிருந்து ஐந்து பெண்கள் வந்தார்கள். கல்யாணத்துக்கு உறவுக்கெல்லாம் புடவை எடுக்க வந்தவர்கள். அவர்கள் உட்கார்ந்ததுமே கடைக்காரர் விரிக்கத் தொடங்கினார். ஒரு புடவையை விரித்தால் அது ஒவ்வொருத்தி மடியாகக் கைமாறிப் போனது. ஒருத்தி கரையைப் பார்த்தாள், ஒருத்தி கசக்கிப் பார்த்தாள், ஒருத்தி விலை மட்டும் கேட்டாள். இன்னொருத்தி எதைக் காட்டினாலும் வேண்டாம் என்றாள். அவள் ஒருமுறை வாயை மூடிக்கொண்டால் அந்தப் புடவை முடிவானது என்று அர்த்தம். வாங்குவது யார், முடிவு செய்வது யார் என்று பிரித்துச் சொல்லவே முடியவில்லை.

திடீரென்று அவர்களில் இளையவள் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, செத்த எந்திரிங்களேன். பெங்களூருல எங்க மதினி இருக்காக, லீவு கெடைக்கல. உங்க நெறந்தான், உசரமும் இம்புட்டுத்தான்."

எழுந்தேன். என் தோளில் கிளிப்பச்சைப் புடவையைப் போட்டார்கள். ஒருத்தி முந்தானையை இழுத்துவிட்டாள், ஒருத்தி கொசுவத்தை என் இடுப்பில் வைத்துப் பிடித்தாள். அந்தப் பெரிய கண்ணாடியில் ஆறு பேரும் தெரிந்தோம்.

"ஏட்டி, மதினிக்கு எடுப்பா இருக்கும்லா?"

"கழுத்துக்கிட்ட பாரு, எம்புட்டு லச்சணமா இருக்கு!"

லட்சணம் என்று சொன்னது என் கழுத்தைத்தான். கடைசியாக யார் என்னை அப்படி உற்றுப் பார்த்தார்கள் என்று நினைவில்லை. இன்னும் கொஞ்சம் நேரம் பார்க்கட்டும் என்று அசையாமல் நின்றேன். எல்லாவற்றுக்கும் வேண்டாம் சொன்னவள் வாயை மூடிக்கொண்டாள். புடவையை என் தோளிலிருந்து உருவி மடித்தார்கள்.

"வாரோம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். தோள் சில்லென்று இருந்தது.

நேற்று ராஜபாளையத்தில் மாம்பழப் புடவையோடு திரும்பி வாசலைப் பார்த்த பெண் அப்போதுதான் எனக்கு விளங்கினாள். அவள் தேடியது ஒரு தலையசைப்பை. என் இரண்டரை அடிப் பாதையில் அவளோடு யாரும் சேர்ந்து நடக்க முடியாது, உட்கார இடமில்லை, என் கண்ணாடியில் இன்னொரு முகத்துக்கு இடமில்லை. கூட வந்தவர்களைக் கரும்புச்சாறு வண்டிக்குத் துரத்தியது நான்தான்.

கடைக்காரரிடம் என் ஆட்கள் வரவில்லை என்று சொல்லி எழுந்தேன். "பாவம், பஸ் கெடைக்கலியோ என்னமோ" என்றார். தெருமுனையில் பால்கோவா கால் கிலோ கேட்டேன், தொண்ணூற்றைந்து ரூபாய். அரைக் கிலோ டப்பாதான் கட்டி வைத்திருந்தார்கள். எனக்காகத் தனியாக நிறுத்துக் கொடுத்தார்கள்.

பிற்பகல் மூன்று மணி. ஜமாலை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது வயது மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"இது எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே மேடம். நீங்க பெரிய படிப்பு படிச்சவுக, காரணமாத்தான் வரஞ்சிருப்பீகன்னு நான் வாயத் தெறக்கல" என்றார். பிறகு மெல்ல, "ஏன் அப்படி வரஞ்சீக?" என்று கேட்டார்.

விளக்கம் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் உண்மை ஒன்றுதான். "நான் கடைக்குத் தனியாத்தான் போவேன் ஜமால். யாரும் தோள்ல இடிக்கக் கூடாது, யாரும் கேள்வி கேக்கக் கூடாது. எனக்குப் பிடிச்ச கடைய வரைஞ்சு உங்களுக்கு அனுப்பிட்டேன்."

அவர் வரைபடத்தை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, "டீ சாப்பிடுதீகளா அக்கா?" என்றார். மேடம் போய் அக்கா வந்ததை நான் கவனித்தேன்.

அன்று மாலையே நடு வரிசைகளைக் கழற்றினோம். செல்வமணியும் மற்ற பெண்களும் மெத்தைகள் வாங்கிவந்து வெள்ளை விரித்தார்கள். தூண் கண்ணாடிகளை எடுத்துவிட்டுப் பின்சுவரில் பெரியதாக ஒன்றை மாட்டினோம். புல்லாங்குழலை நானே நிறுத்தினேன்.

வெள்ளி, காலை பதினொரு மணி. செட்டியார்பட்டியிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. ஏழு பேர். வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். செல்வமணி தள்ளி நிற்கவில்லை, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் புடவை மடி மாறத் தொடங்கியது. சத்தம் ஏறியது, ஒருத்தி கோபித்துக்கொண்டாள், டீ வந்தது. பன்னிரண்டரைக்கு ஜமால் தொழுகைக்குக் கிளம்பினார். அவர்கள் எழுந்திருக்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது வாசலில் செருப்பு இரண்டு மடங்காகியிருந்தது. கால் வைக்க இடம் தேடி நின்றவர், அங்கேயே நின்றபடி கைப்பேசியை எடுத்தார்.

"இல்லண்ணே, கடைய விடுதாப்புல இல்ல. வேற எடம் பாத்துக்கோங்க."

செல்வமணி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பிறகு அடுத்த புடவையை விரித்தாள்.

மாலை ஐந்தரை மணி. நான் பையோடு நின்றேன். கடைப் பெண்கள் ஆறு பேரும் ஆறு கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். ஜமால் கையில் பில் புத்தகத்தோடு, "பாத்துப் போங்கக்கா" என்று தூரத்திலிருந்தே சொன்னார். வியாபாரம் நன்றாக நடந்ததால் என்னை வழியனுப்ப யாருக்கும் நேரமில்லை. என் வேலைக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. ஆனாலும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆட்டோ எண்பது ரூபாய். இந்த முறை ஆட்டோக்காரர் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிறு, சென்னை. வேளச்சேரியில் நான் உள்ளமைப்பு செய்த ஒரு கடைக்குப் போனேன். இரண்டரை அடிப் பாதை, மஞ்சள் விளக்கு, புல்லாங்குழல். என்னைப் போலவே ஒவ்வொருவராக வந்து, ஒவ்வொருவராக எடுத்து, ஒவ்வொருவராகப் போனார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. இந்த ஊரில் என் வரைபடம் ஒரு பிழையும் இல்லாமல் வேலை செய்கிறது.

கிளிப்பச்சையில் ஒரு புடவை தொங்கியது. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தூண் பக்கம் போனேன். ஒன்றரை அடிக் கண்ணாடியில் நான் சரியாக அடங்கினேன். கழுத்துக்கிட்டே பார்த்தேன். லட்சணமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தள்ளி நின்ற விற்பனைப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"இது எனக்கு நல்லா இருக்காம்மா?"

அவள் புடவையில் தொங்கிய விலை அட்டையைப் பார்த்தாள். "பில் கவுண்டர் நேராப் போய் லெஃப்ட், மேடம்" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அப்படி நிற்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவள் நான்தான். புடவையை எடுத்த இடத்திலேயே தொங்கவிட்டேன்.

"பொறவு வாரேன்" என்றேன்.