தீப்பெட்டித் தாளின் நீலம் என்று நினைத்தேன்

1962, ஆடி மாதம். சிவகாசியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்து எனக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்போது தலைமையாசிரியைக்கு நான் எழுதிக் கொடுத்த அறிக்கை இது:

1. வெள்ளி மாலை ஐந்து மணி. வளையப்பந்துப் பயிற்சியில், ஒன்பதாம் வகுப்பு மாணவி வளையத்தைப் பிடிக்கப் பாய்ந்து வலது கை கீழே படும்படி விழுந்தாள்.
2. முழங்கையில் வீக்கம். விரல்களை அசைக்க முடிந்தது. சுளுக்கு எனக் கருதி முதலுதவி செய்யப்பட்டது.
3. சனி காலை, விரல்கள் நீலமாகவும் குளிர்ந்தும் காணப்பட்டன. கட்டு அகற்றப்பட்டது.
4. விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லப்பட்டாள். முழங்கைக்கு மேல் எலும்பில் விரிசல் எனத் தெரிந்தது.
5. சிகிச்சை தொடர்கிறது.

ஐந்தும் நடந்தவைதான். ஆனால் செய்யப்பட்டது, அகற்றப்பட்டது என்றே எழுதியிருக்கிறேன். யார் செய்தது என்று எங்கும் இல்லை. முதல் வரியில் மணி போட்ட நான், மூன்றாவது வரியில் போடவில்லை.

ஜில்லாப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. என் குழுவில் இவளைப் போல் வளையத்தைப் பிடிக்க வேறு ஆள் கிடையாது. விழுந்ததும் நான் ஓடிப்போய் ஈரத்துணியால் இறுகக் கட்டு போட்டேன். முதலுதவித் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். வீக்கம் ஏற ஏறக் கட்டு இறுகும், கட்டிய பிறகு விரல் நுனியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அந்தத் தேர்விலேயே எழுதியிருக்கிறேன்.

தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை முடிந்து அவள் அம்மா வந்தார்.

"ஆமத்தூர்ல எலும்பு வைத்தியர் ஒருத்தர் இருக்காரு டீச்சர். ஒரு எட்டு காட்டிட்டு வந்துருதேன்."

"வேண்டவே வேண்டாம். மூங்கில் பத்தையை வச்சு இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டத்தையே நிறுத்திடுவாங்க. நான் இதுக்குன்னே படிச்சவ" என்றேன். அவளிடம் திரும்பி, "நான் சொல்ற வரைக்கும் யாரும் இந்தக் கட்டைத் தொடக் கூடாது" என்றும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை எட்டு மணிப் பயிற்சிக்கு அவள் வந்துவிட்டாள்.

"பாரு புள்ள, மகாராணி வாரா! இனி சோறுகூட நாமதான் ஊட்டணும் போல" என்று குழுவில் ஒருத்தி கேலி செய்தாள். அவள் சிரிக்கவில்லை.

"வலி எப்படி இருக்கு?"

"ராத்திரி உசுரு போச்சு டீச்சர். இப்ப வலிக்கல. மரமரன்னு இருக்கு."

வலி இல்லை என்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. பிறகுதான் அவள் விரல்களைப் பார்த்தேன். நகத்தடியெல்லாம் நீலம்.

எங்கள் ஊரில் பாதி வீடுகளில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். பெட்டிக்குச் சுற்றும் தாள் நீல நிறம். பசையில் நனைந்தால் சாயம் விரலில் இறங்கும். காலையில் வரிசையில் நிறுத்தி நகம் பார்க்கும்போதெல்லாம் அதற்காகத் திட்டித் திட்டி நான் அலுத்துப் போயிருந்தேன்.

"கட்டு போட்ட கையோட பெட்டி ஒட்டினியா? ஒரு நாள் சும்மா இருக்க முடியாதா உனக்கு?" என்று எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பதில் பேசாதே என்று சுவரோரம் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனேன். அந்த விரலை ஒருமுறை தொட்டிருந்தால் போதும், குளிர்ச்சி தெரிந்திருக்கும்.

ஒன்பதரை மணிக்கு அவள் அம்மா கம்பெனியில் சொல்லிக்கொண்டு ஓடி வந்தார். நான் அவரிடமும் பெட்டி ஒட்டியதைப் பற்றித்தான் குறை சொன்னேன்.

"நேத்துல இருந்து அவ தாளையே தொடலையே டீச்சர்! ராத்திரி அவுத்து விடுதேன்னேன். டீச்சர் சொல்லாம தொடக் கூடாதுன்னு கைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டா."

கத்தரிக்கோலை எடுத்துக் கட்டை வெட்டினேன். துணி பதிந்த இடமெல்லாம் பள்ளமாக இருந்தது. விரல்களை அழுத்திப் பார்த்தேன். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அடுத்த பஸ்ஸில் மூன்று பேரும் விருதுநகர் போனோம்.

டாக்டர் அந்தக் கட்டின் தடங்களைப் பார்த்ததும் கோபப்பட்டார். "யாரும்மா கட்டு போட்டது? நாட்டு வைத்தியரா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

"இதோ, படிச்ச டீச்சர் கூடவே இருக்காங்க. இவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார் டாக்டர்.

"தெரியாமப் பண்ணிட்டோமுங்க" என்றார் அந்த அம்மா.

'நாட்டு வைத்தியர் கட்டு' என்று டாக்டர் சீட்டில் எழுதியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "இதனால ஒங்க வேலைக்கு ஒண்ணும் வந்துராதுல்ல டீச்சர்?" நான் இல்லை என்று தலையசைத்தேன். அவருடைய மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மரத்துப்போன விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வர எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். தலைமையாசிரியையிடம் சொன்னேன், அவர் அறிக்கையைத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். இருவரும் என்னைத்தான் தேற்றினார்கள். அதைத் தாங்குவது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது. வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் முழுதாக நிமிரவில்லை. இனி நிமிராது என்கிறார்கள். அவள் வளையப்பந்து ஆடுவதில்லை. அந்தக் கட்டைப் போட்டது நான்.