குழியைச் சுற்றியிருந்த கயிறு

அந்தக் கயிறு கட்டியபடியே இருந்திருந்தால் பூக்காரம்மா விழாமல் இருந்திருப்பாரா? இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை.

சுனாமி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கடலூரில் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டினார்கள். தடுப்புத் தகடு எதுவும் கிடையாது. எங்கள் வாசலுக்கு நேரே ஆளுயரக் குழி. சுற்றிலும் நான்கு சவுக்குக் கழி, ஒரு நைலான் கயிறு, அதில் சிவப்புத் துணிக் கிழிசல்கள். மகளுக்கு ஒன்றரை வயது. வாசல் தாழ்ப்பாளை நாளுக்குப் பத்து முறை இழுத்துப் பார்ப்பேன்.

மார்கழி மாதம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த இடம் கோலத்துக்குப் போதவில்லை. விடியற்காலையில் ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போடுவேன். முடித்ததும் கட்டிவிடுவேன். பூக்காரம்மா கிண்டல் செய்வார்: "குழிக்கு முன்னால கோலமா? உள்ள எறங்குறவனுக்கு வரவேற்பாம்மா?"

அன்று கோலம் முடியும் நேரத்தில் மகள் அழுதாள். உள்ளே ஓடினேன். கயிறு தரையில் கிடந்தது. அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது வெளியே மண் சரியும் சத்தம், அலறல்.

குழிக்குள் பூக்கூடையோடு கிடந்தார். "கோலத்த மிதிக்க மனசு வரலம்மா, ஓரமா வந்தேன்" என்றார். ஓரமெல்லாம் ஈர மண். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

மேஸ்திரி வந்து, குழி வெட்டிய தொழிலாளியின் சட்டையைப் பிடித்தார். "கயித்த ஏன்டா கட்டல?"

"நேத்து பொழுதோட கட்டிட்டுதாண்ணே போனேன். சத்தியமா."

"அப்ப தானா அவுந்துச்சா? நாளையிலேர்ந்து வராத."

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். விரல்களில் கோலமாவு. வாயைத் திறக்கவில்லை.

"அந்தக் கயிறு ஒரு ஆளத் தாங்குமா? நீ எதையாவது சொல்லி கேஸாக்கிடாத" என்றார் கணவர். தாங்காதுதான். ஆனால் கயிற்றைப் பார்த்திருந்தால் பூக்காரம்மா அந்தப் பக்கம் கால் வைத்திருப்பாரா?

இப்போது சிதம்பரத்தில் இருக்கிறோம். கடலூர் போனால் அவரைப் பார்க்காமல் வருவதில்லை. நடக்க முடியாது, வீட்டு வாசலில் உட்கார்ந்தபடி பூக்கட்டுகிறார். என் மகளுக்கென்று ஒரு முழம் சேர்த்தே கொடுக்கிறார். அந்தத் தொழிலாளி எந்த ஊர்க்காரர் என்றுகூட நான் விசாரிக்கவில்லை.

பூக்காரம்மாவிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் அவருக்கு ஏதாவது பயன் உண்டா, அல்லது என் பாரம் மட்டும்தான் இறங்குமா? பொங்கலுக்குக் கடலூர் போகிறோம். படிக்கிறவர்கள் யாராவது எனக்கு ஒரு யோசனை சொல்லுங்கள்.