சம்பளம் வாங்காத ஆறு மாதம்

மரியசெல்வத்தைப் போல ஒரு மடையனை நான் பார்த்ததில்லை. செத்துப் போனவனை இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். அவன் உயிரோடு இருந்தபோதே முகத்துக்கு நேரே சொன்னவன் நான்.

திருமயத்தில் ரெங்கசாமி முதலாளியின் அரிசி மில்லில் அவன் மெக்கானிக், நான் வேன் டிரைவர். முதலாளிக்குச் சின்ன வயசு. அப்பா சேர்த்து வைத்ததை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் பந்தயப் பைத்தியம் பிடித்து அலைந்தார். மதராஸுக்கு வெளியே, யுத்த காலத்து விமானத் திடல் ஒன்றில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் பொழுதுபோக்காகப் பந்தயம் நடத்தினார்கள். தையில் ஒன்று, ஆடியில் ஒன்று. நடுவில் வண்டியைப் பிரித்து மாட்டுவது செல்வத்தின் வேலை. மாட்டியதை நமணசமுத்திரம் சாலையில் ஓட்டிப் பார்ப்பதும் அவன்தான். முதலாளியைவிட நன்றாக ஓட்டுவான். அது முதலாளிக்கும் தெரியும்.

ஐம்பத்தாறாம் வருஷம் தைப் பந்தயத்தில் முதலாளி விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு மில்லுக்கு வந்து, "ஒரு வருஷம் வண்டியத் தொடக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு. ஆடிப் பந்தயத்துல நீயே ஓட்டுடா செல்வம். ஒம் பேர்லயே ஓட்டு" என்றார். செல்வம் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கும்பிட்டான்.

ஒரு சிக்கல் இருந்தது. மோட்டார் வேலைக்குக் கூலி வாங்குகிறவன் அந்தப் பந்தயத்தில் ஓடக்கூடாது. கூலி வாங்குவதை நிறுத்தி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். முதலாளியே வழி சொன்னார். "சம்பளத்தை நிறுத்திருவோம். சாப்பாட்டுக்கு நம்ம வீடு இருக்குல்ல?"

அவன் பெண்டாட்டி அடைக்கலமேரி தலையில் அடித்துக்கொண்டாள். "சம்பளம் வேணாங்குற ஆளை இந்த ஊருல இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கடலைக்காட்டுக்குக் களையெடுக்கப் போனாள்.

பந்தய எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள். ஓடும்போது அதற்கு இணை கிடையாது. ஓடாமல் நின்றால் பிசினாகிவிடும். செல்வம் எஞ்சினை அக்கக்காகப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினான். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தான். செயினைக் கொதிக்கும் கிரீஸில் போட்டு எடுத்தான். என் வேனையும் விடவில்லை. உடைந்த ஸ்பிரிங் பட்டையை மாற்றினான். வண்டியை ஏற்றி இறக்கப் பலகை, டயருக்கும் பெட்ரோல் டின்னுக்கும் தனித்தனி இடம் என்று எல்லாம் செய்தான். சம்பளம் வாங்கிய காலத்தில்கூட அவன் இப்படி உழைத்ததில்லை.

மத்தியானம் முதலாளி வீட்டுப் பின்கட்டில் இலை போடுவார்கள். சாயங்காலம் வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் குழம்பு கொடுத்து அனுப்புவார்கள். "வீட்டுப் புள்ள மாதிரி பாக்குறாகண்ணே" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான். எனக்கு எரிச்சலாக வரும்.

பந்தயத்தன்று பேர் பதிகிற மேஜைக்கு முன்னால் போய் நின்றோம். கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் நல்லவிதமாகத்தான் கேட்டார். "பிழைப்புக்கு என்னப்பா பண்றே?"

விவசாயம் என்று சொல்லச் சொல்லி வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மாமனார் வழியில் துண்டு நிலம் இருந்தது, பொய்யும் இல்லை. செல்வம் வாயைத் திறந்தான். பக்கத்தில் நின்ற முதலாளியைப் பார்த்தான்.

"எங்க மொதலாளி வீட்டுச் சோத்துலதாங்க ஆறு மாசமா குடும்பமே உசிரோட இருக்கு" என்றான். "அவுக வண்டியெல்லாம் நான்தான் பாத்துக்கிறேன்." பெருமை பொங்கச் சொன்னான்.

பெரியவர் பேனாவை மூடிவிட்டார். "சோறும் கூலிதானப்பா. நீ ஓட்ட முடியாது."

வண்டி சும்மா நிற்பானேன் என்று முதலாளி அதை ஒரு காப்பித் தோட்டக்காரர் மகனுக்குக் கொடுத்தார். செல்வம்தான் அவனுக்குக் கியர் காட்டிக் கொடுத்தான், வண்டி கிளம்பத் தள்ளியும் விட்டான். அந்தப் பையன் இரண்டாவதாக வந்தான். எனக்கு வயிறு எரிந்தது. செல்வம் கை தட்டினான்.

திரும்பும் வழியில் விழுப்புரம் தாண்டியதும் கேட்டேவிட்டேன். "ஏண்டா மடையா, வெவசாயம்னு சொன்னா நாக்கு அழுகிருமா?"

"அவுகள பக்கத்துல வச்சுக்கிட்டு, அவுக போட்ட சோத்தை இல்லேன்னு எப்படிண்ணே சொல்றது? நன்றிகெட்ட பேச்சுல்ல?"

முன்சீட்டில் கண்ணை மூடியிருந்த முதலாளி திறக்காமலே பேசினார். "எதுக்குடா நன்றி? வேலை பாத்தே, சோறு போட்டோம். சும்மாவா போட்டோம்? அந்த ஆளு சொன்னது சரிதான்."

செல்வம் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. திருமயம் வரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

மறுநாளே சம்பளத்துக்கு வேலையில் சேர்ந்தான். வேறு எங்கே போவான்? சாகும்வரை எட்டு வருஷம் அங்கேதான் லாரிக்கு அடியில் கிடந்தான். ஆனால் அந்த வீட்டில் அதன் பிறகு அவன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.