பாங்கு நேரத்துச் சுவிட்ச்

எங்கள் போடிங் வீட்டில் இன்டர்நெட் ஒரு நாளைக்கு ஐந்து தரம் நின்றது. கம்பெனிக்காரர்களை ஒரு மாதம் திட்டித் தீர்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. காரணம் வீட்டுக்காரர்.

கல்முனைப் பக்கத்தில் பல்கலைக்கழகப் பெடியன்களுக்குத் தன் வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் ஹாஜியார் அவர். கொங்கிரீட் சுவர்களைத் தாண்டி வைஃபை வராததால் அறைக்கு அறை கேபிள் இழுத்துத் தந்திருந்தார். அந்தக் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச், முன் ஹோலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. சின்னக் கறுப்புப் பெட்டி, எட்டுப் பச்சை விளக்குகள். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் டிவியை நிறுத்துவது எங்கள் பக்கத்து வீடுகளில் வழக்கம். ஹாஜியார் டிவியோடு சேர்த்து சுவிட்சையும் நிறுத்தினார்.

"இதுல சத்தமே வராதே ஹாஜியார்" என்றேன்.

"அப்ப ஏன் மகன் மின்னுது?"

விளக்குகளின் மேல் கறுப்பு டேப் ஒட்டினோம். அடுத்த பாங்குக்கு அவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "சுடுது. உள்ளுக்கு என்னமோ நடக்குது" என்று பிளக்கைக் கழற்றினார்.

ஒரு பாங்கு என்றால் பொறுக்கலாம். எங்கள் தெருவுக்கு ஐந்து பள்ளிவாசல்கள் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணிக்கூடு. ஒன்று முடிக்கும்போது மற்றது தொடங்கும், கடைசிப் பள்ளி முடிக்கும்வரை சுவிட்ச் செத்துக் கிடக்கும்.

இந்த இலட்சணத்தில் என் இறுதி வருட ஆய்வுக்கு வாய்மொழிப் பரீட்சை வந்தது. கொழும்பிலிருந்து ஒரு மிஸ் ஒன்லைனில் இருபது நிமிடம் கேள்வி கேட்பார். நேரம் மூன்றேகால், சரியாகப் பின்நேரத் தொழுகைக்கான அஸர் பாங்குக்கு. கெம்பஸில் வேலைநிறுத்தம், கேட் பூட்டு. போன் சிக்னல் கிணற்றடியில் மட்டும் ஒரு கோடு. தொடர்பு அறுந்தால் நான் வராதவன் கணக்கு, இன்னொரு வருடம் இருக்கவேண்டும்.

ஹாஜியாரிடம் மன்றாடினேன்.

"சரி, கழட்டல்ல. ஆனா பாங்கு சொல்லக்குள்ள நீ வாய் துறக்கப்படாது."

நாலு நிமிடம்தானே என்று தலையாட்டினேன். மற்ற நாலு பள்ளிகளும் அந்த அவசரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

மிஸ் திரையில் வந்து முதல் கேள்வியைக் கேட்டார். நன்றாகத் தெரிந்த கேள்வி. வாயைத் திறந்தேன், முதல் பள்ளி தொடங்கியது. திறந்திருந்த கதவு வழியே, ஹோலில் சுவிட்சுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த ஹாஜியார் உதட்டில் விரலை வைத்தார். நான் வாயை மூடினேன்.

"பயப்பட வேணாம் தம்பி, ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் மிஸ்.

இரண்டாவது பள்ளி. மூன்றாவது. விஷயத்தை எழுதி அனுப்பியிருக்கலாம் என்பது இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. அப்போது கும்பிடாத குறையாக மிஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது பள்ளி முடித்தபோது கேள்வியே மறந்துவிட்டது.

"மிஸ், என்ன கேட்டீங்க?"

"நேரம் முடிஞ்சுது தம்பி" என்றார், பாவப்பட்ட குரலில்.

அறையை விட்டுப் போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்று கொதித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஹாஜியார் தொப்பியோடு அதே கதிரையில், பிளக்கைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தார்.

"வீட்டுல எல்லாருக்கும் கை பழகிட்டு. ஆரும் கழட்டிப் போடுவாங்க எண்டு நான் பள்ளிக்குப் போகல்ல. ஹஜ்ஜுக்குப் போய் வந்த நாளையிலிருந்து ஒரு ஜமாஅத் தொழுகை விட்டதில்ல மகன், இண்டைக்குத்தான். பாஸ்தானே?"

"ஓம் ஹாஜியார்" என்றேன்.

முடிவு வந்தது, பெயில். அடுத்த வருடமும் அதே அறையில் இருந்தேன். மேற்படிப்பு என்று அவரிடம் சொன்னேன். அவர் பள்ளிவாசலில் கண்டவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டிச் சொன்னார்: "நான் ஒரு ஜமாஅத்த விட்டுப் பாஸாக்கின புள்ள. இப்ப அதுக்கும் மேல படிக்குது."