திருத்தம் மேடம் கொண்டுவந்த விதி

அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் நடத்திய பேராசிரியைக்கு "திருத்தம்" என்ற பட்டப்பெயர் முதல் கூட்டத்திலேயே ஒட்டிக்கொண்டது. கல்விக் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் தலையாட்டிவிட்டு, பிஸ்கட் தின்றுவிட்டு எழுந்து போவதுதான் வழக்கம். இவர் கையைத் தூக்கி, "போன கூட்டத்துக் குறிப்புல ஒரு சின்னத் திருத்தம்" என்றார். அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னார். அதற்கப்புறம் அவர் கை மேலே போனாலே வேதியியல் துறைத் தலைவர் பக்கத்து ஆளின் காதில், "இன்னிக்கு வீட்டுக்குப் போன மாதிரிதான்" என்று முணுமுணுப்பார். பெயர் வீடு வரைக்கும் எட்டிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவர், சாப்பாட்டில் உப்பு குறைந்தால், "மேடம், ஒரு சின்னத் திருத்தம்" என்பார். அவரும் சிரித்துக்கொண்டே உப்பு ஜாடியை நகர்த்துவார்.

முக்கால் பங்கு வகுப்புக்கு வராதவர்கள் பரீட்சை எழுத முடியாது என்று ஒரு விதி இருந்தது. இருந்ததே தவிர, யாரும் அதைக் கறாராகப் பார்த்ததில்லை. வேதியியல் தலைவரை மாணவர்கள் "மாமா" என்றுதான் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அவர் வருகையைப் பென்சிலால் போடுவார். யாராவது வந்து அழுதால், யாருடைய அப்பாவாவது கைகூப்பி நின்றால், விட்டுப்போன கட்டங்களை நிரப்பிவிட்டு, "போ, படிக்கிற வழியைப் பாரு" என்று அனுப்பிவிடுவார். மற்ற துறைகளிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஒரு வருடம் பரீட்சைக் கூடத்தில் கேள்வித்தாள் கொடுத்துக்கொண்டு போனபோது திருத்தம் மேடம் ஒரு காலி நாற்காலியைப் பார்த்தார். கடைசி வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் மாணவனுடையது. சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையான அப்பாவைக் குளிப்பாட்டி, சோறூட்டிவிட்டு வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவன்.

"வருகை பத்தலை மேடம். துறைத் தலைவர் நிறுத்திட்டார்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"நிலைமையைச் சொல்லியிருந்தா விட்டிருப்பாரே?"

"அவன் யார்கிட்டயும் போய்க் கேக்கமாட்டான் மேடம்."

அது அவர் மனதில் முள்ளாகத் தைத்தது. கேட்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கிறது, வாயில்லாதவன் வெளியே போகிறான். இது இரக்கமே இல்லை என்று தோன்றியது. யாரும் யார் காலிலும் விழாமல் கிடைக்கும்படி எழுத்தில் ஒரு விதி வேண்டும். வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்கிற மாணவருக்கு வருகையில் விலக்கு. இவ்வளவுதான் அவர் கேட்டது.

அதை வாங்குவதற்குள் அவர் தலையில் பாதி நரைத்துவிட்டது. பதிவாளர் மெதுவாகப் பேசுகிற, நல்ல மனிதர். அவர் வாயிலிருந்து "முடியாது" என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை. "நல்ல யோசனை மேடம், ஒரு துணைக் குழு போட்டுரலாம்" என்பார். துணைக் குழு கூடும். மின்விசிறி சுற்றும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, எல்லாரும் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். 'குடும்பத்தினர்' என்றால் யார், சித்தப்பா வருவாரா? 'நோய்' என்றால் காய்ச்சலா, புற்றுநோயா? 'கவனித்துக்கொள்வது' என்பதை எப்படி நிரூபிப்பது? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி சேர்ந்தது. மருத்துவமனைச் சான்று வேண்டும் என்று ஒரு வரி. விடுப்பு எடுக்கும்போதே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று இன்னொன்று. திருத்தம் மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார். அடிப்படை நின்றால் போதும் என்று நினைத்தார்.

ஒரே ஒரு வரியை மட்டும் அவரே கேட்டு வாங்கினார். 'துறைத் தலைவர்கள் தனிப்பட்ட முறையில் எந்தச் சலுகையும் அளிக்கக் கூடாது.'

மாமா அன்று கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் அவரை நிறுத்தினார். "அது எதுக்கு மேடம்? நாங்க யாரையும் கெடுக்கலையே."

"நீங்க கெடுக்கலை சார். ஆனா உங்ககிட்ட வர்றவங்களுக்கு மட்டும்தானே செய்றீங்க?"

மாமா பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

விதி நிறைவேறியது. துணைவேந்தர் கை குலுக்கினார். அன்று சாயங்காலம் கணவரைக் கடையைச் சீக்கிரம் மூடச் சொல்லி, இரண்டு பேரும் வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் மனசுவிட்டுச் சிரித்ததை அவர் கணவர் கவனித்தார். அடுத்த பருவத்தில் வகுப்பறை வாசல்களில் விரல் வைக்கிற மெஷின் வந்தது. பென்சிலுக்கு வேலை போயிற்று.

அந்தப் பருவத்தின் கடைசியில் இரண்டாம் வருட வேதியியல் மாணவி ஒருத்தி அவர் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டுச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"அக்காவுக்கு மனசு சரியில்ல மேடம். திடீர்னு கதவைத் திறந்துகிட்டு ரோட்டுக்குப் போயிடுறா. அம்மா வேலைக்குப் போயே ஆகணும். அதான் நான் கூட இருக்கேன்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"இல்ல மேடம். அவளுக்கு மாப்பிள்ளை பாத்துகிட்டிருக்காங்க. வெளிய தெரிஞ்சா நின்னுபோயிடும்னு அம்மா யார்கிட்டயும் சொல்லவிடலை."

சான்று இல்லை. விண்ணப்பமும் இல்லை. விலக்கு கொடுக்கிற குழுவில் பதிவாளர், மாமா, திருத்தம் மேடம் மூன்று பேரும்தான் இருந்தார்கள். அம்மா ஒரு வார்த்தை எழுதிக்கொடுத்தால்கூடப் பேசிப் பார்க்கலாம் என்று மேடம் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனார். சந்தின் கோடியில் மாடி வீடு. அம்மா கதவைப் பாதி திறந்து, உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே யாரோ ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"எங்க வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்மா. இவ படிக்கப் பிடிக்காம கதை கட்டுறா" என்றாள் அம்மா. முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

மேடத்துக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மாளின் இடத்தில் இருந்தால் தானும் கதவைப் பாதிதான் திறந்திருப்போம் என்று தோன்றியது. படியிறங்கிச் சந்துக்கு வந்தார்.

குழு கூடியது. "எனக்கு நேர்ல தெரியும். நான் உத்தரவாதம்" என்றார் மேடம்.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொன்னா நான் நம்புறேன் மேடம். ஆனா விதியில உத்தரவாதத்துக்கு இடமில்லையே. இவங்களை விட்டா, நாளைக்கு எல்லாருக்கும் ஒருத்தர் உத்தரவாதம் குடுப்பாங்க. நீங்களே எத்தனை தடவை இதைச் சொல்லியிருக்கீங்க."

மேடம் மாமா பக்கம் திரும்பினார். மாமா மேஜையைப் பார்த்தபடி, "முன்ன மாதிரி இருந்தா அந்தப் பொண்ணு உங்ககிட்ட வரவே தேவையில்லை மேடம். என்கிட்ட ஒரு நிமிஷம் நின்னிருந்தா போதும்" என்றார். குத்திக்காட்டுகிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை, நிஜமாகவே வருத்தத்தில்தான் சொன்னார்.

விதியை மாற்ற வேண்டுமென்றால் கல்விக் குழு கூட வேண்டும். அது பரீட்சைக்குப் பிறகுதான் கூடும்.

முடிவை அந்தப் பெண்ணிடம் அவரே சொன்னார். அவள் அழவில்லை. "பரவாயில்ல மேடம். அக்கா தனியா இருப்பா, நான் கிளம்புறேன்" என்று எழுந்து போனாள். மறு வருடம் அவள் திரும்பி வரவில்லை. மேடம் அனுப்பிய ஆளிடம், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

மேடம் அந்த விதியைத் திருத்தக் கேட்டார். பதிவாளர் நல்ல யோசனை என்றார், துணைக் குழு போட்டார். அந்தக் குழு ஒரு தடவை கூடி, புள்ளிவிவரம் வேண்டும் என்று கலைந்தது. அதற்குள் இன்னும் சிலர் பரீட்சைக் கூடத்துக்கு வெளியே நின்றார்கள். மேடம் வகுப்புக்குப் போவார், இலையின் குறுக்குவெட்டைப் பலகையில் வரைவார், வீட்டுக்கு வருவார். கணவர் இரவுச் சாப்பாட்டில் பேச்சுக் கொடுப்பார். "ம்" என்று மட்டும் பதில் வரும்.

ஓய்வு பெறப்போகிற வருடத்தில் வேறொரு ஊர்க் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கேயும் அதே மாதிரி விதி கொண்டுவரப்போகிறார்களாம். எழுதினவரே வந்து விளக்க வேண்டுமாம். போகவேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு, ஒரு இடத்திலாவது தடுக்கலாமே என்று பஸ் ஏறினார்.

அங்கே அவர் அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னார். கதவுக்குப் பின்னால் கேட்ட குரலைச் சொன்னார். சான்று என்ற வரியை எடுத்துவிடுங்கள், ஆசிரியர் சொல்லுக்கு ஒரு இடம் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எல்லாரும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். முதல்வர் நாற்பது வயதுகூட ஆகாதவர், பணிவானவர். அவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொண்ணு சான்று கொண்டுவந்திருந்தா விட்டிருப்பீங்க இல்லையா மேடம்?"

"விட்டிருப்போம்."

"அப்போ விதி சரியாத்தானே வேலை செஞ்சிருக்கு. குடும்பம்தான் ஒத்துழைக்கலை."

மேடம் வாயைத் திறந்தார். அதற்குள் முதல்வர், தெளிவாக எழுதப்பட்ட விதி என்று பாராட்டிவிட்டு, ஏற்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். மேஜையைச் சுற்றிக் கைகள் உயர்ந்தன. விருந்தாளிக்கு அந்த அறையில் ஓட்டு இல்லை. அவர் கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். யாரோ அவருக்கு ஒரு பூங்கொத்து கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு, நன்றி என்றார்.